சீஸ் வெட்டக் கத்தி கேட்டு வந்தவர்கள்

கத்தி விற்கிறவளுக்குக் கத்தியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வாங்க வருகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள்; தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பரந்தன் சந்தியில் ஐந்து வருடமாகக் கத்தி, அகப்பை, சட்டி என்று குசினிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நீங்களும் கடை நடத்தி, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லி விற்றவர் என்றால், மேலே வாசியுங்கள்.

"இதுதான் திறம்"

மனோன்மணி அக்கா கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் தனியே இருப்பவர். பிரான்சில் இருக்கும் மகள், பதினாறு வருடங்களுக்குப் பிறகு, தன் ஆறு வயதுப் பெண்பிள்ளையோடு வந்திருந்தாள். "சீஸ் வெட்ட ஒரு கத்தி தாங்கோ" என்று அக்கா வந்து கேட்டார். கையில் அகப்பட்ட அகலமான மரக்கறிக் கத்தியை எடுத்து, "இதுதான் திறம்" என்று கொடுத்தேன்.

இரண்டாம் நாள் கத்தியோடு திரும்பி வந்தார். பேத்தி சோறும் தொடுவதில்லை, புட்டும் தொடுவதில்லை, பாணும் சீஸும்தான். அக்கா வெட்டினால் சீஸ் அலகில் ஒட்டி நசிந்துபோகிறது. பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுத் தாயிடம் ஓடிவிடுகிறது. ஏசுவார் என்று பார்த்தால், மெதுவாகத்தான் சொன்னார்: "அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவளின்ர பாஷை தெரியாது. என்ர கையால ஒரு வாயெண்டாலும் தின்னட்டும், தங்கச்சி."

ஓட்டைக் கத்தி

அடுத்த நாளே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். அங்கே மொத்த வியாபாரம் செய்யும் நசீர் நானாவிடம்தான் எனக்குச் சரக்கு. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, அலகில் மூன்று பெரிய ஓட்டைகளும் நுனியில் முள்ளுக்கரண்டி போல இரண்டு பல்லும் உள்ள கத்தியை எடுத்து வைத்தார். நம் வெக்கைக்கு சீஸ் இளகிவிடும். அலகு முழுத் தகடாக இருந்தால் அப்பிக்கொள்ளும். ஓட்டை இருந்தால் ஒட்டுவதற்கு இடமில்லை. வெட்டின துண்டை அந்த இரண்டு பல்லால் குத்தி எடுத்துக் கோப்பையில் வைக்கலாம். கட்டியான சீஸ் என்றால் தடித்த அலகு வேறு வேண்டும் என்றார்.

ஒன்றுதான் கேட்டேன், ஆறாகத்தான் தருவேன் என்று நின்றார். நான் ஓட்டைகளைச் சந்தேகத்தோடு தடவிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "ஓட்டை இருக்கிறதால நல்லா வேலை செய்யிற கத்தி நான் கண்டதில இது ஒண்டுதான்" என்றார்.

அடுத்தமுறை

கத்தியை அன்றைக்கே அக்காவிடம் கொடுத்தேன். பத்து நாட்கள் கழித்துக் கடைக்கு வந்தார். மகளும் பேத்தியும் முதல் நாள்தான் விமானம் ஏறியிருந்தார்கள். கதிரையைப் போட்டு இருத்தினேன்.

"பேத்தி சாப்பிட்டவவோ, அக்கா?"

"ஓம். காலமையில கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து எனக்குப் பக்கத்தில நிண்டவள். நான் வெட்ட வெட்ட வாயைத் திறப்பாள்."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அடுத்தமுறை வரேக்க சோறும் தின்னப் பழக்கிப்போடுவியள்" என்றேன். அக்கா திருப்பிக் கேட்டார்: "பதினாறு வருசத்துக்கு ஒருக்கா வாற மகளிட்ட அடுத்தமுறை எண்டு எப்பிடிக் கதைக்கிறது?"

ஒரு கை

மிச்ச ஐந்து கத்தியும் தூசி பிடித்துத் தொங்கின. ஒரு மத்தியானம் செட்டிகுளத்தில் இருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சண்டையில் வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஒவ்வொரு கத்தியாக இடது கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள். நான் வாய் திறந்தேன்: "வீட்டில வெட்டித்தர ஆள் இல்லையோ?"

அவள் ஓட்டைக் கத்தி ஒன்றைக் கழற்றினாள். ஒரு பலகையும் ஈரத்துணியும் கேட்டாள். துணியை விரித்து அதன்மேல் பலகையை வைத்தாள், அது வழுக்கவில்லை. என் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தக்காளிப்பழத்தைப் பலகையில் வைத்து, நுனிப் பல்லால் குத்தி நிறுத்தி, அலகைச் சரித்து இரண்டாக்கினாள். மற்றக் கத்தி என்றால் துண்டைத் தூக்க ஒவ்வொருமுறையும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். இவள் வைக்கவில்லை. வெட்டினாள், குத்தினாள், தூக்கி என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். எட்டுத் துண்டு. சீஸ் என்ற சாமானை அவள் தின்றிருப்பாளோ தெரியாது.

கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டி, சுற்றித் தரச் சொன்னாள். போகும்போதுதான் பதில் வந்தது: "ஆள் இருக்கோ எண்டு கேக்காதேங்கோ, அக்கா. கைக்கேத்த கத்தி இருக்கோ எண்டு கேளுங்கோ."

கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். வாயை எப்போது மூட வேண்டும் என்பதை மட்டும் வாங்க வருகிறவர்கள்தான் இன்னும் எனக்குக் காட்டித் தருகிறார்கள்.