அழகுமலை கொடுத்த மோர்

பொன்னாத்தாளுக்கு ஏன் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை என்று தேனியில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்பார் ஒருத்தர். அஞ்சு வருஷம் முக்கியும் எழுத வரவில்லை என்பார் இன்னொருத்தர். அவளோடு ஒரே கல்லூரியில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். நடந்தது எனக்குத் தெரியும். நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

அவள் ஆண்டிபட்டிக்காரி. அப்பா அழகுமலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அம்மா சோணையம்மாள் மானாவாரிக் காட்டில் கடலை பிடுங்கி, பருத்தி எடுத்து, மகளைப் பொருளாதாரத்தில் எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தாள். எழுபத்தெட்டில் பொன்னாத்தாள் எங்கள் கல்லூரிக்கு வேலைக்கு வந்தாள். நான் தமிழ்த்துறை. வந்த முதல் வாரமே பையன்கள் அவளைப் பற்றி என்னிடம் முறையிட்டார்கள். நாங்களெல்லாம் வகுப்பைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகைப்பதிவு போடுகிறவர்கள். இவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் போடுவாள். இல்லாதவனை இருக்கிறான் என்று எழுத அவளுக்குக் கை வராது.

அந்த வருஷமே பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லி என் வாயை நாறடித்துக்கொள்ள மாட்டேன். வழிகாட்டி பேராசிரியர் ஆதித்தன். எழுபத்துநான்கில், அவரே ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஆண்டிபட்டிப் பக்கம் நானூறு வீடுகளில் கணக்கெடுத்தாராம். வறண்ட பூமியில் குடும்பங்கள் சின்னவை, வீட்டுக்குச் சராசரி மூன்று பேர்தான், வறுமையே ஜனங்களுக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்காக டெல்லிக்குக் கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள், பேராசிரியர் ஆக்கினார்கள். அந்தக் கணக்கு முழுவதும் பல்கலைக்கழக நூலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தது. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பத்து நாளில் கம்ப்யூட்டரில் அட்டவணையாக அச்சடித்து, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாளில் கையில் கொடுப்பார்கள். அந்த அட்டவணைகளை வைத்தே ஏழு பேர் டாக்டர் ஆகியிருந்தார்கள்.

ஆதித்தனின் கணக்கோடு கம்பம் பக்கத்து நஞ்சை ஊர்களை ஒப்பிடுவதுதான் பொன்னாத்தாளின் வேலை. நஞ்சைக் கணக்கை அவளே எடுத்தாள். நாலு வருஷம், லீவு நாளெல்லாம், சின்னமனூர் உத்தமபாளையம் என்று வீடு வீடாக நடந்தாள். எண்பத்துநான்கு மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பட்டம், கூடவே துறைத்தலைவர் பதவி. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அஞ்சு வருஷ உழைப்பும் மண்ணாய்ப் போகும்.

எண்பத்துமூன்று ஐப்பசியில் ஒருநாள் அந்த ஓட்டைத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, இங்க பாருங்க. எங்க தெருவுல வீட்டுக்கு மூணு பேராம். எங்க தெருவுக்குள்ள நடந்தாப் பிள்ளைக காலுக்குள்ள வந்து விழும். அஞ்சைத்தான் மூணுன்னு தப்பா அடிச்சிருப்பாக.”

“இத்தனை வருஷமா உனக்கு இது தெரியலையாக்கும்?”

“மத்த ஊரு அப்படி இருக்கும்போலன்னு நெனைச்சேன்க்கா. இப்பத்தான் தெருவாரியாக் கேட்டு வாங்குனேன். படிவத்தைப் பாத்துட்டா வெளங்கிரும்.”

அடுத்த சனிக்கிழமை துணைக்கு நானும் போனேன். புள்ளிவிவரப் பிரிவின் கிளார்க் பிச்சைமணி, குச்சனூர்க்காரர்.

“சனிக்கிழமைன்னா எங்க ஊருல சாமி கும்பிடக் கூட்டம் தாங்காது. இங்கன வர்ற ஒரே ஆளு நீங்கதாம்மா” என்று சிரித்தவர், சீட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “மூலப் படிவமா? ஒம்போது வருசமா ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. எல்லாரும் டேபிளை மட்டும் எழுதிட்டுப் போயிருவாக.”

காக்கித் துணியில் கட்டிய மூட்டை வந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். படிவங்களோ நேற்று எழுதியவை போலச் சுத்தமாக இருந்தன. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பொன்னாத்தாள் தன் தெருவை எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

வீட்டு எண் பதினேழு. குடும்பத் தலைவர் அழகுமலை, வயது நாற்பத்தொன்று. மனைவி சோணையம்மாள். குழந்தைகள் இல்லை. கறவை மாடு இரண்டு. தகவல் சொன்னவர், குடும்பத் தலைவர். கணக்கெடுத்தவர் ஆதித்தன். தேதி ஜூன் பன்னிரண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கு.

“உங்க அப்பாவா சொல்லியிருக்காரு?” என்றேன்.

“அப்பா செத்து அஞ்சு வருசம் ஆச்சுக்கா அப்ப” என்றாள். “எனக்குப் பத்தொம்போது வயசு. நான் வீட்டுலதான் இருந்தேன். என்னையக் காணோம்.”

மறுநாளே ஆண்டிபட்டிக்குப் போனோம். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் ஒச்சாண்டி ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

“ஆமாத்தா, ஒரு சார் வந்தாக. நம்ம கடையிலதான் உக்காந்தாக. எங்கிட்ட எழுவத்தொண்ணு எலெக்சன் ஓட்டர் லிஸ்ட்டு இருந்துச்சு, அதை வாங்கி வச்சு ரெண்டு நாளு எழுதுனாக. வெயிலு அதிகம்னு தெருவுக்குள்ள போகல. செத்தவுக பேரெல்லாம் அதுல இன்னும் அடிக்காமக் கெடக்கு சார்னேன். பரவாயில்லன்னுட்டாக.”

விஷயம் அவ்வளவுதான். வாக்காளர் பட்டியலில் இருபத்தொரு வயதுக்குக் கீழே யாருக்கும் பெயர் இருக்காது. அதைப் பார்த்து எழுதியதால்தான் தெருவில் பிள்ளைகளே இல்லாமல் போனார்கள். அங்கங்கே ஒப்புக்கு ஒரு குழந்தையைச் சேர்த்து மூன்றாக்கியிருக்கிறார். டீக்கடை பெஞ்சில் பிறந்த இந்த மூன்றுக்குத்தான் டெல்லியில் சால்வை போட்டார்கள். த்தூ!

சோணையம்மாளிடம் படிவத்தின் நகலைப் படித்துக் காட்டினோம். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரெண்டு மாடா? அதுகளுக்குத் தண்ணி காட்டுனது யாராம்?” என்று மட்டும் கேட்டாள். புருஷன் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

ஆதித்தனைப் பார்க்கவும் நான் கூடப் போனேன். வெள்ளைச் சட்டை, மேசையில் மல்லிகைப் பூ, வாய் நிறையச் சிரிப்பு. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பொன்னாத்தாள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

“சார், ஆண்டிபட்டியில அழகுமலைங்கிறவர் வீட்டுக்குப் போனது ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? தங்கமான மனுஷன். வெயில்ல வந்திருக்கீங்களேன்னு மோர் கொடுத்தார். வெறும் மோர் இல்லம்மா, கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட மோர். அந்த ஏழைகளோட மனசு நமக்கு வராது.”

“அவுக எங்க அப்பா சார். நீங்க மோர் குடிச்சப்ப அவுக செத்து அஞ்சு வருசம்.”

அந்த மனிதருக்கு வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

“நானூறு வீட்ல ஒண்ணு தப்பா இருக்கலாம்மா.”

“எங்க தெருவுல நாப்பது வீடு சார். நாப்பதையும் பாத்துட்டேன். உள்ளூர்க்காரரு லிஸ்ட்டு கொடுத்ததையும் சொல்லிட்டாரு.”

“சரி. இதை வெச்சு ஏழு பேர் டாக்டர் ஆயிட்டாங்க. அவங்க யாரும் கேக்காத கேள்வி உங்களுக்கு எதுக்கு? மூட்டையைப் பழையபடி கட்டி வெச்சுட்டு, அட்டவணையை மட்டும் பாருங்க. மார்ச்சுல நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க.”

அவர் வாங்கித் தந்த டீயை நான் தொடவில்லை. ஆடை கட்டி நின்ற அந்த டம்ளரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது நான் கோழைத்தனமாக ஒன்று சொன்னேன், அதையும் மறைக்க மாட்டேன். “கையெழுத்தை வாங்கிட்டு அப்புறமாப் பேசிக்கலாம்டி” என்றேன்.

“எங்க அப்பா உயிரோட இருக்காருன்னு நானே எழுதணுமாக்கா?” என்றாள்.

வேறு நாலு பேராசிரியர்களிடம் போனாள். ஆதித்தன் பெயரைக் கேட்டதுமே ஒருத்தருக்கு மீட்டிங், ஒருத்தருக்கு ரத்த அழுத்தம், மற்ற இருவருக்கும் ஏற்கெனவே மாணவர்கள் நிறைந்துவிட்டார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது என்பது அந்த முகங்களிலேயே எழுதியிருந்தது. சீ, என்ன ஜென்மங்கள்! மார்ச் வந்தது, போனது. பதிவு ரத்தானதாகக் கடிதம் வந்தது. துறைத்தலைவர் நாற்காலியில், ஆதித்தனின் அட்டவணையால் டாக்டரான ஏழு பேரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

பொன்னாத்தாள் அழவில்லை. கோடை லீவில் தன் தெருவின் நாற்பது வீடுகளிலும் ஏறி இறங்கி, அதே படிவத்தில் புதிதாகக் கணக்கெடுத்தாள். வீட்டுக்கு அஞ்சரைப் பேர் வந்தது. கொண்டுபோய்ப் பிச்சைமணியிடம் கொடுத்தாள்.

“மூட்டையில புதுசாச் சேக்க ரூல் இல்லம்மா” என்றார் அவர். ஆனாலும் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டினார். “அவுக்கிறவுக கண்ணுல மொதல்ல இதுதான் படும்.”

அதற்குப் பிறகும் மூன்று பேர் அந்த அட்டவணையை வாங்கிப்போய் டாக்டர் ஆனார்கள். மூட்டையை ஒருத்தரும் அவிழ்க்கவில்லை.

எண்பத்தாறில் அந்தத் தெருக்காரர்கள் பால்வாடி கேட்டு மனுக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவள் பொன்னாத்தாள். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன். ஜீப்பின் பானெட் மேல் ஃபைலைப் பிரித்துவைத்துப் படித்தார். இந்தப் பகுதியில் குழந்தைகள் மிகக் குறைவு, பல்கலைக்கழக ஆய்வின்படி வீட்டுக்கு மூன்று பேர்தான், ஆகவே பால்வாடி தேவையில்லை.

அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொடிசு ஜீப்புக்குள் ஏறி ஹாரனை அமுக்கியது. பம்பரில் இரண்டு உட்கார்ந்திருந்தன. சோணையம்மாள் முன்னால் வந்தாள்.

“அப்ப இந்தா நிக்கிறதெல்லாம் என்னய்யா, கோழிக்குஞ்சா?”

“நான் என்னம்மா பண்றது? படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க.”

“அந்த ஆராய்ச்சி பொய்ங்க” என்றாள் பொன்னாத்தாள். “வீடு வீடாப் போயி நான் எடுத்த கணக்கு இருக்கு.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதினவர் டாக்டர் ஆதித்தன். நீங்களும் டாக்டரா?”

“இல்லைங்க” என்றாள்.

அவர் ஃபைலை மூடிவிட்டு ஏறிக்கொண்டார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின. அவளைப் பார்த்துப் பழகிய பழக்கமோ என்னவோ, நான் ஒவ்வொரு முகமாக எண்ணினேன். அறுபத்துமூன்று.