பூட்டிய டிவிக்குள் கேட்ட குரல்

ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை... இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் போதும். மலைமேல் சேரம்பாடிப் பக்கம் நான் முதன்முதலில் வாத்தியாராகப் போன தேயிலை எஸ்டேட்டின் கிளப் ஹால் கண்முன் வந்து நின்றுவிடும்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, ஒரு கேரம் போர்டு, மூலையில் மரப்பெட்டிக்குள் ஒரு டிவி. பெட்டிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி பள்ளிக்கூட வாத்தியாரிடம். அதுதான் அங்கே வழக்கம். பாடம் நடத்திக் கிடைக்காத மரியாதையெல்லாம் எனக்கு அந்தச் சாவியால் கிடைத்தது.

வாரம் ஒருநாள் ஒரு பேய்த் தொடர் வரும். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாள். அடுத்த வாரம் அந்த வீடு காலி. அவ்வளவுதான் கதை. மொத்த எஸ்டேட்டும் மூச்சு விடாமல் பார்க்கும்.

நான் மறுநாள் வகுப்பில், "அதெல்லாம் கேமரா வித்தை கண்ணுங்களா, பொகைய மெசின்ல உடறாங்க" என்று சொல்லி அந்த சுகத்தைக் கெடுத்துவிடுவேன். கோயமுத்தூர்க்காரன், அறிவியல் படித்தவன் என்ற திமிர்.

அப்புறம் தேயிலை விலை படுத்தது. ஃபேக்டரியை மூடினார்கள். கிளப்புக்குக் கரண்ட் போனது.

லயம் என்று சொல்லும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பியது. யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். காலையில் பார்த்தால் கதவில் பூட்டு தொங்கும். வகுப்பில் நான் பேர் கூப்பிடுவேன், பதில் வராது. கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போவேன்.

ஒருநாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எதிரில் வருகிறவர் முகம் தெரியாத மூடுபனி. கிளப்பைத் தாண்டும்போது உள்ளே அந்தத் தொடரின் இசை கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம்.

டொக்... டொக்...

கரண்ட் இல்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

எட்டிப் பார்த்தேன். இருபது பேர், பெரியவர்களும்தான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்தப் பூட்டிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏழாம் நம்பர்... கதவத் தொறங்க... நான் வந்துட்டேன்..."

முன்னால் உட்கார்ந்திருந்த ஏழாம் நம்பர் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பொய் சொல்லமாட்டேன், கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பச்சைப் பாவாடை நுனி தெரிந்தது. யோகேஸ்வரி. என் ஐந்தாம் வகுப்பு மாணவி. கரண்ட் போன பிறகு வாயாலேயே இசை போட்டு, பெட்டியைத் தட்டி, தொடரை அவளே நடத்திக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் வீட்டில் பூட்டு தொங்கியது.

யோகேஸ்வரியின் அப்பா வேலாயுதத்தைப் பிடித்தேன். இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்தவர்.

"இதென்னங்க கூத்து? பெரியவங்களும் போய் உக்காந்துக்கறீங்க?"

"வெளையாட்டுன்னுதான் நாங்களும் நெனச்சோம் ஐயா. புள்ள சொன்ன வீடெல்லாம் போயிருச்சே. அடுத்து யாருன்னு தெரியணுமில்ல?"

நான் விடவில்லை. ஒரு வாரம் லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்தும்விட்டேன். ஊரை விட்டுப் போகிறவர்கள் முதலில் கோழியை விற்கிறார்கள். அடுத்து விறகு சேர்ப்பதை நிறுத்துகிறார்கள். பெரியவர்கள் தங்கள் கவலையில் இதைக் கவனிக்கவில்லை, அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிடலாம் என்று அன்று சாயங்காலமே கிளப்புக்குப் போனேன்.

வாசலில் கால் வைத்தேன்.

டொக்... டொக்...

"பள்ளிக்கூடத்து வீடு... வாத்தியாரய்யா... கதவத் தொறங்க..."

எதற்கும் திரும்பாத அந்த இருபது தலைகளும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தன.

என் சட்டைப் பையில் சாவியோடு ஒரு காகிதமும் இருந்தது. ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு அன்று காலையில்தான் கையெழுத்துப் போட்ட மனு. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தப் பள்ளிக்கு நான் ஒரே வாத்தியார். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த அந்த நேரத்தில், நான் போனால் வேறு யாரும் வரப்போவதில்லை. பள்ளியை மூடுவார்கள். அடுத்த பள்ளிக்கூடத்துக்கு யானை நடமாடும் காட்டைத் தாண்டிப் போகவேண்டும். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எல்லாரும் கலைந்த பிறகு அவளைக் கேட்டேன்.

"யாரு கண்ணு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார்."

"எங்கிட்டத்தான் கோழியே இல்லியே... பொறவு எப்படித் தெரிஞ்சுது?"

பாவாடையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாலு நாளா நீங்க புதுப் பாடம் எடுக்கலயே சார். நடத்துனதயே நடத்துறீங்க."

எனக்கே தெரியாமல் நான் செய்துகொண்டிருந்த காரியம் அது. போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேன் என்று வெகுகாலம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மாற்றல் வந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். டிவி பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கதவைப் பூட்டினேன். நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளி அதன் பிறகு திறக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது கோயமுத்தூரில் பெரிய பள்ளி. பசங்க போனில் விதவிதமாகப் பேய் வீடியோ காட்டி, "சார், உங்களுக்கு பயமே இல்லையா?" என்று கேட்கிறார்கள். நிஜமாகவே இல்லை. அந்தப் பூட்டிய பெட்டி காட்டிய பயத்தை இந்தப் பளபளக்கும் திரைகள் காட்டுவதில்லை.

பரீட்சைக்கு முன்னால் பழைய பாடத்தைத் திரும்ப எடுக்கும்போது மட்டும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கடைசி பெஞ்சைப் பார்த்து, "ரிவிஷன்தான்... நான் எங்கயும் போகலை" என்பேன்.

யாருமே என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள்.