தறிச் சத்தத்தில் போன காதும் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டும்

சபையாரே, நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. பாட்டுக்குக் கை அசைக்கிறவன். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

1988 டிசம்பர் முதல் வாரம். ராஜபாளையத்தில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு நான்தான் தலைவன். பிழைப்பு, பேண்டேஜ் துணி நெய்யும் பவர்லூம் ஷெட்டில். பயிற்சியின்போது ஆர்மோனியத்தின் மேல் கட்டைகளில் சத்தமே வரவில்லை. எலி கடித்திருக்கும் என்று வாசிக்கிறவரோடு சண்டை போட்டு, பெட்டியைப் பிரித்தே போட்டேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. பழுது என் காதில் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரைப் பார்த்தேன். "பன்னிரண்டு வருஷத் தறிச் சத்தம். நரம்பு கெட்டுப்போச்சு. இனி திரும்பாது" என்று உரக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எனக்குப் படிப்பு கிடையாது, சொத்து கிடையாது. பாட்டு ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் நான் யார்?

யாரிடமும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். அது ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியாது. "ஆண்டவரே, பாட்டை என்னைவிட்டு எடுத்துவிடாதேயும். கிறிஸ்துமஸுக்குள் காதைத் தாரும். இல்லையென்றால் இனி வாயைத் திறக்கமாட்டேன்." ஆண்டவருக்கே கெடு வைத்தேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

ஞாயிறு பிற்பகல் பயிற்சி நடந்தது. நூல் மில்லில் வேலை பார்க்கும் மெர்சிதான் எங்கள் குழுவின் முதல் குரல். அவள் சுருதி இறங்கிப் பாடுவதாக எனக்குப் பட்டது. எல்லார் முன்னாலும் திட்டினேன். இப்படிப் பாடு என்று நானே பாடிக் காட்டினேன். எல்லோரும் என்னைப் போலவே பாடினார்கள். மெர்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே பாடினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி எஸ்தர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அந்தப் பிள்ள சரியாத்தான் பாடுச்சு. நீங்கதான் சுருதி தப்புதீய. தலைவர் சொல்லிட்டாரேன்னு அம்புட்டு பேரும் சேந்து தப்பாப் பாடுதாவ. எம்புட்டு நாளா மறைக்கீய?"

எல்லாவற்றையும் சொன்னேன். செத்த நேரம் அழுதாள். பிறகு, "ஆண்டவர்கிட்ட காது கேட்டீயளே, அந்தப் பிள்ளகிட்ட மன்னிப்பு கேட்டீயளா?" என்றாள்.

மறுநாள் ஷெட்டில், இரண்டு தறி தள்ளி நின்ற மாடசாமி என்னைப் பார்த்து வாயசைத்தான்: "ஏலே, ஏன் மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க?"

ஒன்றுமில்லை என்று கை ஆட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அந்த இரைச்சலில் அவன் குரல் எனக்கு என்றைக்குக் கேட்டது? பன்னிரண்டு வருஷமாக நாங்கள் உதட்டையும் கையையும் பார்த்துத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்! எந்தச் சத்தம் என் காதைத் தின்றதோ, அங்கேயே ஆண்டவர் எனக்கு வேறொன்றைப் பழக்கி வைத்திருக்கிறார். ஓவென்று அழுதுவிட்டேன். மாடசாமி பயந்துபோய்த் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

அன்று சாயந்தரமே குழுவைக் கூட்டினேன். "எனக்குக் காது போயிருச்சு. மெர்சி பாடினது சரி, நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோம்மா. இனி நீயே குழுவப் பாத்துக்கோ" என்றேன்.

மெர்சி என் முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அண்ணே, சுருதிய நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க கையக் காட்டுங்க. அது இல்லாட்டி நாங்க ஆளுக்கொரு பக்கம் ஓடிருவோம்."

மிச்சமிருந்த நாளெல்லாம் அவர்கள் உதடுகளைப் பார்த்துப் பார்த்துத் தாளம் கொடுக்கப் பழகினேன். கிறிஸ்துமஸ் காலை வந்தது.

அதுவரை எத்தனையோ கிறிஸ்துமஸ் பாட்டு நடத்தியிருக்கிறேன். யார் சுருதி விட்டார்கள், பக்கத்துச் சபையைவிட நாங்கள் நன்றாகப் பாடினோமா, இதுதான் என் கவலை. வார்த்தையைக் கவனித்ததே இல்லை. அன்று உதடுகளைப் பார்த்ததால் ஒவ்வொரு வார்த்தையாக வந்து நின்றது. பாலகனைத் துணியில் சுற்றிக் கிடத்தினார்கள் என்ற அடி வந்தது. என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

துணி நெய்கிறவன் நான். யாரோ ஒருவர் காயத்தைச் சுற்றுவதற்கு நெய்கிறேன். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், இன்னொருவர் கையில் சுற்றப்படுகிற பச்சைப் பிள்ளையாக வந்தாரே! தம் பலவீனத்தை அவர் மறைக்கவில்லை. என் காதை மறைக்க நான் ஒரு பெண் பிள்ளையை அழவைத்தேன். அங்கேயே, பாட்டின் நடுவில், "ஆண்டவரே, நானும் உம்முடைய கையில்தான் இருக்கிறேன்" என்றேன். மெர்சி கண்ணால் ஜாடை காட்டினாள். கையை மறுபடி தூக்கினேன். பாட்டு நிற்கவே இல்லை.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. காது இன்னும் மோசம்தான். ஆனால் பாட்டை எடுத்துவிடாதேயும் என்று கேட்டேன், அவர் எடுக்கவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம். இப்போது ஷெட்டில் எல்லோரையும் காதில் பஞ்சு வைக்கச் சொல்லி விரட்டுகிறேன். மாடசாமி திட்டிக்கொண்டே வைக்கிறான். திட்டுவது எனக்கு உதட்டில் தெரிகிறது.

உங்களில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு, ஆண்டவருக்குக் கெடு வைத்துக்கொண்டிருந்தால், கெடுவை எடுத்துவிடுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். இந்த வருஷம் குழுவில் ஆண் குரல் குறைகிறது. வாருங்கள். குரல் சரியில்லை என்று மட்டும் யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு என்ன, கேட்கவா போகிறது?