சாட்சியில் விடுபட்ட ஒரு வரி

நான்கு வருடங்களுக்கு முன்பு, கீரனூருக்குப் பக்கத்தில் நாங்கள் போகும் சிறிய சபையில் இது நடந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மின்விசிறிகள் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன.

என் மனைவிக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே வலிப்பு உண்டு. கல்யாணமான முதல் ஆறு வருடங்கள் அவள் எப்போது, எங்கே விழுவாள் என்று தெரியாமல்தான் வாழ்ந்தோம். நான் தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கித் திருத்துவது என் வேலை. வழியில் போன் அடித்தால் அவள் எங்கோ விழுந்துவிட்டாள் என்று நினைத்தபடிதான் எடுப்பேன். பிறகு ஒரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதன்பின் மூன்று வருடங்கள் வலிப்பு வரவில்லை. ஜெபமும் செய்தோம், மாத்திரையும் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை.

அந்த ஞாயிறு என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொல்வதற்கு எங்கள் சபைகளில் சாட்சி என்று பெயர்.

“ரெண்டு நிமிசந்தான் பிரதர்” என்றார் பாஸ்டர். “சுருக்குறதுதான ஒங்க பொழப்பு!”

முன்வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மைக்கைப் பிடித்து, மனைவி பட்ட பாட்டையும், நாங்கள் முழங்காலில் நின்றதையும், மூன்று வருடமாக வலிப்பு வராததையும் சொன்னேன். கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று முடித்தேன். மாத்திரையைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் வேகம் குறையும் என்று தோன்றியது. வெட்டினேன். சபை முழுக்க அல்லேலூயா எழுந்தது.

வீட்டுக்கு வரும்போது பைக்கில் பின்னால் இருந்து மனைவி கேட்டாள்: “மாத்திரைய ஏன் சொல்லல?”

“ரெண்டு நிமிசந்தான குடுத்தாங்க.”

“அதச் சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்?”



எங்கள் சபைக்கு வரும் ஒரு அக்கா உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். கணவர் இல்லை. அவருடைய ஒரே மகளுக்கும் வலிப்பு. அந்தப் பெண் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அன்று கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா செருப்பு கழற்றும் இடத்தில் என்னை நிறுத்தி, “தம்பி, நெசமாவே மூணு வருசமா வரலையா?” என்று கேட்டார். “நெசமாவே வரலக்கா” என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பெண் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார்கள். சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து, கொதிக்கும் கஞ்சி வலது கையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டது. நானும் மனைவியும் போனோம். விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த அக்கா எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“தம்பி, நீங்க மாத்திரைய நிப்பாட்டி எத்தன நாளு கழிச்சு சரியாச்சு? நாங்க எட்டு நாளுதான் நிப்பாட்டுனோம். எங்களுக்கு விசுவாசம் பத்தலையா?”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நாங்க நிப்பாட்டவே இல்லக்கா” என்றேன். “இன்னைக்குக் காலையிலகூட சாப்புட்டா.”

 அவர், “அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய் மகளின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே பாஸ்டரைப் பார்த்து, மறுபடி பேச நேரம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்காக அழுது ஜெபித்தவர்தான். ஆனால் இதற்குத் தயங்கினார்.

“புதுசா வாரவங்களுக்கு இடறலாயிரும் பிரதர், விசுவாசம் ஆடிப்போகும். அந்தம்மா செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் சிலுவ சுமக்குறீங்க?”

“இது என் தப்பு பாஸ்டர்.”

நேரம் தரவில்லை. அந்த ஞாயிறு ஆராதனையின் நடுவில் நானாகவே எழுந்து நின்றேன். மைக் இல்லை. என் மனைவி இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள், அதை மறைத்தவன் நான், யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். பத்திரிகையில் தவறுக்குத் திருத்தம் போடும்போது உள்பக்கத்தில், ஓர் ஓரத்தில், சின்ன எழுத்தில் போடுவோம். அன்று நான் சொன்னதும் அந்த அளவில்தான் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாமல் போனது. ஆனால் அந்த வருடம் பரீட்சை எழுத முடியவில்லை. வலது கையின் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அந்த அக்கா எங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருமுறை கீரனூர் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். நான் “ஸ்தோத்திரம்க்கா” என்றேன். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அவரிடம் எனக்கு மன்னிப்பு கிடைத்ததா என்று தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

நான் அதே சபைக்குத்தான் இன்னும் போகிறேன். சாட்சி சொல்ல என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்த முதல் சாட்சியை அன்றே யாரோ போனில் பிடித்திருந்தார்கள். இரண்டாம் முறை பேசியதை யாரும் எடுக்கவில்லை. அந்த வீடியோ இப்போதும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. போன மாதம் மீமிசலிலிருந்து ஒரு தூரத்து உறவினர், அதில் இருப்பது நான் என்று கவனிக்காமல், எனக்கே அனுப்பியிருந்தார்.

வரும்போதெல்லாம் அதன் கீழே ஒரே பதிலை எழுதுகிறேன்: “இதில் பேசுகிறவன் நான்தான். என் மனைவி இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள்.” சில குழுக்களிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் விசுவாசத்தில் இன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஊழியம் இது ஒன்றுதான். அந்த வரி போய்ச் சேராத ஏதோ ஒரு வீட்டில் இந்நேரம் யாராவது மாத்திரை டப்பாவை மூடி வைத்துக்கொண்டிருப்பார்களோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் அதைச் செய்கிறேன்.