மண்டபத்தில் நான் பேசியது

ஆரணிக்குப் பக்கத்தில் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் தனியாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். வலது கையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் ஒரு கட்டைப்பை. சாயங்கால நேரம், டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. என் மாமியார் திரும்பிப் பார்த்து, "இன்னாடி இது, கையில?" என்று எழுந்து ஓடினார்.

"கதவுல மாட்டிக்கிச்சும்மா" என்றாள் அவள்.

காபி போட நான் உள்ளே போனபோது பின்னாலேயே வந்தாள். "தானா மாட்டல அண்ணி. போன்ல யாரு கூட பேசிகினு இருந்தீங்கன்னு கேட்டேன். கைய நெலையில வச்சிகினு நிக்கும்போதே இழுத்து சாத்துனாரு" என்றாள். அழவில்லை. பால் பொங்கி வந்தது. அவளே இடது கையால் அடுப்பை அணைத்தாள்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தொழிலிடம். ஆரணியில் நெய்து வரும் பட்டுப்புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவேன், ஃபால்ஸ் அடிப்பேன், ரவிக்கை தைப்பேன். வீட்டுக்காரர் பின்கட்டில் தறியில் இருப்பார். முன்னறையில் டிவி உண்டு. புடவை கொடுக்க வருகிறவர்கள் சீரியல் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள், உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்போது ஊரே பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் ஒரு மருமகள். புருஷன் அடிப்பான். மாமியார் சோற்றில் உப்பைக் கொட்டிவிட்டு இவள் மேல் பழி போடுவாள். ஒருநாள் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவள் வாசலிலேயே விடிய விடிய நின்று, காலையில் அதே வாசலைக் கூட்டிக் கோலம் போட்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு ஒரு பாட்டு வேறு.

நாத்தனார் வரும்வரை அதைப் பார்த்து நானும் உச்சுக்கொட்டியவள்தான். அவள் வந்தபிறகு என்னால் முடியவில்லை. டிவியைப் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயங்கள் எல்லாம் மெல்ல அவள் பக்கம் திரும்ப ஆரம்பித்தன.

"அந்தப் பொண்ணு எவ்ளோ பொறுமையா கீது பாரு" என்பார் எதிர்வீட்டு அக்கா. கண் டிவியில் இருக்கும், பேச்சு மூலையில் உட்கார்ந்திருக்கும் என் நாத்தனாருக்குப் போகும். "எத்தன அடிச்சாலும் பொறந்த ஊட்டுக்கு ஓடிப்போச்சா? கடைசில ஜெயிக்கப்போறது அவதான், பாத்துகினே இரு."

மாமியாரும் தலையாட்டுவார். "ஆம்பள கோவத்துல கை நீட்டுவான். அதுக்குன்னு வந்துடறதா? அந்தப் பொண்ணு மாதிரி தாக்குப்புடிக்கணும்."

நாத்தனாருக்கு மாவுக்கட்டுக்குள் அரிக்கும். பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டிருப்பாள். நான் நூலை வெடுக்கென்று இழுப்பேன். குஞ்சத்து நூல் சிக்காகிவிடும். ஒருநாள் தாங்காமல், "அக்கா, அந்தப் பொண்ணுக்கு அடி வாங்க சம்பளம் தராங்க. ஷாட் முடிஞ்சதும் கார் ஏறி போயிடும். இவளுக்கு நெஜமா எலும்பு ஒடஞ்சிருக்குது" என்றேன்.

"கதைய கதையா பாரேம்மா. உனக்கு ஏன் இவ்ளோ பேஜாரு?" என்று அவர் சிரித்தார். கதையைக் கதையாகப் பார்க்காதது யார்?

அந்த மாதம்தான் ஒரு சேனல்காரர்கள் ஆரணிக்கு வந்தார்கள். ஊர் ஊராகப் போய் நேயர்களிடம் கருத்துக் கேட்கும் நிகழ்ச்சி. பழைய சீரியல் நல்லதா, புது சீரியல் நல்லதா என்று பெண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்து பேசவேண்டும். சென்னையிலிருந்து ஒரு இளம்பெண் முன்னாலேயே வந்து தெருத்தெருவாக ஆள் சேர்த்தாள். என் முன்னறைக்கும் வந்தாள். பத்துப்பேர் உட்கார்ந்து சீரியலை அலசுவதைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க நல்லா பேசறீங்க மேடம், கண்டிப்பா வரணும்" என்றாள்.

"மனசுல பட்டத பேசலாமா?" என்று கேட்டேன்.

"அதுதான் வேணும் மேடம். ஓப்பனா பேசுங்க."

கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மாமியாரும் வந்தார். நாத்தனார் மட்டும் வரவில்லை. மாவுக்கட்டோடு டிவியில் தெரிய அவளுக்கு விருப்பமில்லை. உள்ளே விளக்குகளின் சூட்டில் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. கைதட்டுவதற்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். எங்கும் எதுவும் நடக்காமலேயே கைதட்டினோம், சிரித்தோம். ஒருவரை ஒருவர் பார்த்து "ஆமா ஆமா" என்று தலையாட்டினோம். அதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என்னைப் பழைய சீரியல் பக்கம் உட்காரவைத்தார்கள். பழைய சீரியல் எல்லாம் தங்கம், அதில் குடும்பம் இருந்தது, பண்பு இருந்தது என்று என் பக்கத்துப் பெண்கள் பேசினார்கள். எனக்கு அதிலும் எரிச்சல் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாரம் ஒருநாள் வந்த ஒரு சீரியல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் ஒருத்தி குடிகாரப் புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வெளியே போவாள். படித்து வேலைக்குப் போவாள். வாராவாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசி வாரத்தில் அவளுக்கு ஏதோ ஒரு நோய் வந்தது. அதே புருஷன் மடியில் படுத்து, "உங்கள விட்டுட்டு போனது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். எல்லாரும் அழுதார்கள். நான் சோறு சாப்பிடாமல் படுத்தேன். கோபம் என்று சொல்லத் தெரியாமல் வயிற்று வலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

மைக் என்னிடம் வந்தது. நடத்துகிறவர், "நீங்க இப்ப வர்ற அந்த மருமக சீரியலயும் பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

"தெனமும் பாப்பேன். ஒருநாள்கூட விட்டதில்ல" என்றேன். அது உண்மை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அப்புறம் பேசினேன். "பழசு, புதுசுன்னு இன்னா பிரிக்கிறீங்க? ரெண்டும் ஒண்ணுதான். பழசுல ஊட்ட விட்டு போனவள சாவடிச்சீங்க. புதுசுல அடி வாங்கிகினு கெடக்கிறவளுக்கு பாட்டு போடறீங்க. எங்க ஊட்டுல ஒரு பொண்ணு கீது. புருஷன்காரன் அது கைய கதவுல வச்சி நசுக்கிட்டான். எலும்பு ஒடஞ்சி வந்து உக்காந்துகினு கீது. அத பாத்து எல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமா? டிவில வர்ற பொண்ணு மாதிரி பொறுத்துப்போன்றாங்க. உங்க பொண்ணுக்கு மேக்கப்புல காயம் வைக்கிறீங்க, தொடச்சா போயிடும். எங்க பொண்ணுக்கு யாரு தொடச்சி உடறது?"

யாரும் சொல்லிக்கொடுக்காமல் பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

வெளியே வரும்போது ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் மாமியார் என்மேல் பாய்ந்தார். "ஊரு முன்னாடி எம் பொண்ண ஏலம் போட்டுட்டியே! இனிமே அவ எந்த மூஞ்சிய வச்சிகினு அந்த ஊட்டுக்கு போவா?"

"போவ வேணாம்னுதான் அத்த சொல்றேன்."

அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவார். ஏதாவது வேண்டுமென்றால் மகனைக் கூப்பிட்டுச் சொல்வார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறை நிரம்பிவிட்டது. தெருவில் பாதிப்பேர் மண்டபத்துக்கு வந்தவர்கள். தங்கள் முகம் வரும்போதெல்லாம் கூச்சல். நாத்தனாரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேசியதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "என் பேரச் சொல்லலயே அண்ணி?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

என் முகம் வந்தது. "தெனமும் பாப்பேன். ஒருநாள்கூட விட்டதில்ல" என்று சிரித்தேன். உடனே அந்த மருமகள் மழையில் நிற்கும் காட்சியைக் காட்டினார்கள். மறுபடியும் என் முகம். "எங்க ஊட்டுல ஒரு பொண்ணு கீது" என்றேன். அங்கே வெட்டினார்கள். "டிவில வர்ற பொண்ணு மாதிரி" என்ற துண்டை அதோடு ஒட்டினார்கள். கைதட்டல். எங்கள் வீட்டில் அந்த சீரியல் பெண்ணைப் போலவே ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது போல ஆயிற்று. அடுத்து என் மாமியார் அழும் முகம், பெரிதாக. அடியில் எழுத்தில் போட்டார்கள்: கதாநாயகிக்காகக் கண்ணீர் விடும் ஆரணித் தாய்மார்கள்.

அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா, "கடைசில நீயும் நம்ம கட்சிதான்!" என்று என் தோளில் தட்டினார். அவரும் அந்த மண்டபத்தில்தான் இருந்தார். என் பேச்சைக் காதால் கேட்டவர். ஆனால் டிவியில் பார்த்த பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது அவருக்கு.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "நீங்களுமா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

நான் கத்தினேன். டிவியை அணைத்தேன். எல்லாரையும் எழுந்து போகச் சொன்னேன். வாடிக்கைக்காரர்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து வந்த வீட்டுக்காரர், "விடு, டிவிதான" என்றார். அவரிடமும் கத்தினேன். அந்தச் சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"மேடம், உங்க போர்ஷன் சூப்பர் மேடம்" என்றாள்.

"நான் சொன்னது எங்க?"

"எடிட்டிங்ல டியூரேஷன் குறைச்சிருப்பாங்க மேடம்."

"நான் திட்டுனத புகழ்ந்த மாதிரி மாத்தியிருக்கீங்க. அதுக்கு பேரு கொறைக்கிறதா?"

"அது என் கையில இல்ல மேடம்" என்றாள். அவள் கையில் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் யார் கையில்? அவளுக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

மாமியார் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாட்கணக்கில் என்னிடம் பேசாதவர் பேசினார்.

"அது நான் எப்ப அழுதது?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"டிவில காட்டுனானே, நான் அழுவறத. அது நீ கைய நசுக்குனத சொன்னப்போ அழுதது. எம் பொண்ணுக்கு அழுதேன். எவளோ ஒருத்தி நடிக்கறதுக்கா நான் அழுதேன்?" அவர் முகம் சிவந்துவிட்டது. "அவுனுங்க யாரு அத எடுத்து அங்க ஒட்டறதுக்கு?"

எழுந்து உள்ளே போனார். நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் மண்டபத்தில் பேசியதைச் சொன்னார். கதவு, எலும்பு, மேக்கப்புக் காயம், எதையும் விடவில்லை. நான் சொல்லாத ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொன்னார். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சமாதானமாகவில்லை எனக்கு. இன்னும் கோபமாக வந்தது. இத்தனை நாளும் இந்த அம்மாள் எங்கே இருந்தார்?

அடுத்த வாரம் சேத்துப்பட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவனுடைய அப்பாவும் சித்தப்பாவும் பழம், பூவோடு வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பாதான் பேசினார். "டிவில பாத்தோங்க. உங்க மருமவ எவ்ளோ அழகா சொல்லிச்சி. சம்பந்தியம்மா கண் கலங்குனத பாத்து எங்க ஊட்டு பொம்பளைங்களும் அழுதாங்க. அந்த மாதிரி குடும்பத்து பொண்ணு எங்களுக்கு கெடச்சது குடுப்பின. ஜல்தியா அனுப்பி வச்சிடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"நான் எதுக்கு அழுதேன்னு உங்களுக்கு தெரியுங்களா? உங்க புள்ள இவ கைய கதவுல வச்சி நசுக்குனான். அதுக்கு அழுதேன். அத ஒங்க ஊட்டு பொம்பளைங்க கிட்ட போய் சொல்லுங்க. பழத்த எடுத்துகினு கெளம்புங்க."

"டிவில அப்படி வரலீங்களே" என்றார் சித்தப்பா, உண்மையாகவே குழம்பிப்போய்.

நாத்தனார் உள்ளிருந்து வந்து நின்றாள். "நான் வரல மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் போகவில்லை. மாவுக்கட்டு பிரித்தபிறகு விரல் முழுதாக மடங்க வெகுநாள் ஆயிற்று. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். வழக்கு நடக்கிறது. ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலைக்குப் போகிறாள். எதிர்வீட்டு அக்கா சில நாள் வராமல் இருந்துவிட்டு மறுபடி வர ஆரம்பித்தார்.

என் கோபம்தான் அடங்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் துண்டு இணையத்தில் இன்னும் கிடக்கிறது. அடியில் யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி மருமகள்கள்தான் குடும்பத்தின் தூண், ஆரணிப் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றெல்லாம். நான் சொன்னதை அங்கே எழுதிப்போட்டேன். மறுநாள் பார்த்தால் இல்லை. மறுபடியும் போட்டேன். இன்றும் பஸ் ஸ்டாண்டில் யாராவது முகம் தெரியாதவர்கள், "டிவில வந்தீங்களே, நல்லா பேசுனீங்க" என்கிறார்கள். நின்று முழுக்கதையும் சொல்கிறேன். பாதியிலேயே அவர்களுக்கு பஸ் வந்துவிடுகிறது.

அந்த சீரியலும் முடியவில்லை. இப்போது அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். புருஷன் திருந்திவிட்டானாம். போன வாரம் நான் வேலையாக இருந்தபோது நாத்தனார் கடையிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதையே போட்டாள். எனக்குத் தலைக்கு ஏறியது.

"இத எதுக்கு பாக்கற?"

"வளகாப்பு இன்னிக்கு. அந்த மாமியாக்காரி இன்னா பண்றான்னு பாக்கணும்" என்று சிரித்தாள்.

"உனக்கு கோவமே வராதா?"

"அது கெடக்குது அண்ணி. நான்தான் இப்ப அந்த ஊட்டுல இல்லியே" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நான் தையல் மிஷினை வேகமாக மிதித்தேன்.