கறுத்தக்கொழும்பானும் வேப்பந்தும்பும்

நேற்றுக் கொழும்பிலிருந்து எனக்கொரு கண்ணாடிச் சாடி பார்சலில் வந்தது. பெட்டியைத் திறந்தால் சாடியைக் காணவில்லை, வெள்ளை வெள்ளையாக ரெஜிபோம் உருண்டைகள்தான். கையில் ஒட்டின, சட்டையில் ஒட்டின, உதறினால் மற்றக் கையில் ஒட்டின. ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தேன். மருந்துக்கும் ஒரு மணம் இல்லை. பார்சலுக்குள் அடைந்து வந்ததை மணந்து பார்க்கிறவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் மணந்திருப்பீர்கள்.

எங்கள் அண்ணை தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். நல்ல கைராசி. ஆனால் திருத்துகிற வேலையில் அவருக்குத் திருப்தியில்லை, தானாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்து, சாமான்கள் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகத் தொடங்கிய நேரம் அது. போகிற போத்தலில் பாதி உடைந்துதான் போய்ச் சேரும். அண்ணை யோசித்தார். பழைய பம்பு மோட்டர், ஒரு பெல்ற், தச்சரிடம் வாங்கிய சீவுளி அலகு, அதற்கு முன்னால் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கூர்க்கத்திகள். மரக்கட்டையை இறுக்கி வைத்து மோட்டரைப் போட்டால் அலகு முன்னும் பின்னும் ஓடி, மரத்தை நூல் நூலாகச் சீவித் தள்ளும். சுருள் சுருளாக, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. அதற்குள் எதைப் புதைத்து அனுப்பினாலும் அடிபடாது. மரத்தும்பு என்று பெயர் வைத்தார்.

கராஜுக்குள்தான் வேலை. கராஜ் என்று பெயரே தவிர, அங்கே கார் ஒருநாளும் நின்றதில்லை. அண்ணை சீவுவார், நான் அள்ளிச் சாக்கில் அடைவேன். மோட்டர் ஓடினால் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும், அம்மா அதைவிடச் சத்தமாக.

"சொதிக்குள்ளை தும்பு, கொண்டைக்குள்ளை தும்பு! நான் என்னெண்டு கோயிலுக்குப் போறது?"

"உது தும்பில்லை அம்மா, தொழில்" என்பார் அண்ணை.

கோழிக்கும் அந்தத் தொழில் பிடித்துப்போயிற்று. தும்புக் குவியலுக்குள் அது முட்டையிட்டதைப் பார்க்காமல் நான் அள்ளி அடைந்துவிட, அது நெல்லிரசப் போத்தல்களோடு கொழும்புக்குப் போய்விட்டது. கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, போத்திலோடை ஒரு முட்டையும் வந்திருக்கு." மன்னிப்புக் கேட்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அண்ணை கேட்டது, "உடைஞ்சு கிடக்கோ?" இல்லையாம். அதற்குப் பிறகு முட்டைக் கதை கேட்காமல் எங்கள் படலையைத் தாண்டிப் போன ஆள் கிடையாது.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் மாம்பழ வியாபாரி ஒருவர் வந்தார். பூச்சி பிடிக்காத தும்பாக இருந்தால் சீசன் முழுக்க எடுப்பதாகச் சொன்னார். அண்ணைக்கு அன்று இரண்டு கால்களும் நிலத்தில் இல்லை. பூச்சி பிடிக்காத மரம் எது? கிணற்றடி வேம்புதான்! அரிசி வாளிக்குள் வேப்பிலை, சீலை அலுமாரிக்குள் வேப்பிலை என்று வாழ்கிற சனம் நாங்கள், ஒருவர் வாயிலிருந்தும் மறுப்பு வரவில்லை. பெரிய கொப்பொன்றைத் தறித்து, பச்சையாக, பட்டையோடு சீவினோம்.

அதே கிழமைதான் எனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். தெல்லிப்பழை ஆட்கள், கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். சாதகம் பொருந்திவிட்டது. படத்தைப் பார்த்தேன், எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. வெளியில் சொல்லவா முடியும்? பார்க்காத மாதிரி ஏழெட்டுத் தரம் பார்த்தேன். அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி அனுப்பச் சொன்னா. எங்கள் வளவில் காய்த்த பழம், தேன் மாதிரி. அண்ணை தானே புதுத் தும்புக்குள் ஒவ்வொன்றாகப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வளர்த்தி அனுப்பினார்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் சோறு இறங்காமல் திரிந்தேன். கடைசியில் தரகர் வந்து சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "பழம் கைக்குதாம். மாப்பிள்ளையின்ரை தாய் கேக்கிறா, நல்ல காரியத்துக்குக் கைக்கிற பழத்தை அனுப்பினால் என்ன கருத்து, சம்பந்தம் வேண்டாமெண்டோ?"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டா. அண்ணை கராஜுக்குள் போய் ஒரு பிடி தும்பை வாயில் போட்டார். முகம் கோணிய கோணலில் விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் அம்மாவும் நக்கிப் பார்த்தா, நானும் நக்கினேன். தரகரும் சைக்கிளை விட்டு இறங்கி வந்து நக்கினார். நாலு பேரும் வரிசையாக நின்று துப்பினோம்.

"பச்சைத் தும்பு, வெக்கை பட்டுப் பழத்திலை ஈரம் விட்டிருக்கு. தோலோடை கடிச்சால் கைக்கும்தானே" என்றார் அண்ணை.

"வாயைத் திறவாதை. வெளியிலை தெரிஞ்சால் வியாபாரி போயிடுவான்" என்றா அம்மா.

"அப்ப இவள்?" என்று என்னைக் காட்டினார் அண்ணை.

மறுநாள் அண்ணை ஒரு பை வேப்பந்தும்போடு கொழும்பு பஸ் ஏறினார். அங்கே நடந்ததை என் கணவர்தான் பிறகு சொன்னார். ஆம், கணவரேதான். அண்ணை அவர்களுடைய வீட்டுக்குள் போய், தந்த கதிரையில் இருக்காமல், ஒரு கைப்பிடித் தும்பை எல்லோருக்கும் முன்னால் வாயில் அடைந்து மென்றாராம். கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இவரின் தாயைப் பார்த்து, "அம்மா, கைக்கிறது என்ரை மரம். எங்கடை பழமும் கைக்காது, பிள்ளையும் கைக்காது" என்றாராம். இவர் எழும்பிப்போய்த் தானும் கொஞ்சம் வாங்கி மென்றாராம். மாமி சிரித்துவிட்டா. நாள் வைத்தாயிற்று.

தரகரின் வாய் சும்மா கிடக்குமா? மரம் தின்று தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த கதை வல்வெட்டித்துறை வரைக்கும் போய்விட்டது. வியாபாரி வரவேயில்லை. வேறு மரத்தில் சீவித் தருகிறேன் என்று அண்ணை சந்தை சந்தையாக அலைந்தார். "ஆர், வேப்பந்தும்பரோ?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். கலியாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்ட சனம் ஒரு சாக்குத் தும்பு வாங்க வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மிசினைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு அண்ணை கனடாவுக்குப் போனார்.

என் கணவர் ஊருக்கு மாற்றலாகி வந்ததால் நாங்கள் இப்போது அதே வீட்டில்தான். கராஜில் கார் நிற்கிறது. கிணற்றைத் திருத்திக் கட்டும்போது வேம்பைத் தறித்துவிட்டோம். அம்மாவும் இல்லை.

போன கிழமை என் மகள் வீடியோவில் அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஊரிலை நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

"பம்பு திருத்தினனான் பிள்ளை."

"வேறை?"

அண்ணை சிரித்தார். "வேறை ஒண்டுமில்லை. சும்மா இருந்தனான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். போனைப் பறித்து, "என்ன கதை சொல்லுறியள், அண்ணை?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமலே போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன்.