ஏரியை விட்டு வராத வீடு

ரெய்னோ சாரெலா வடக்கு மினசோட்டாவில் முப்பத்து மூன்று குளிர்காலம் அரசாங்கத்துக்காகப் பனி அள்ளும் லாரி ஓட்டியவர். அத்தனை வருடத்தில் அவர் வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது இரண்டே முறை. இரண்டு முறையும் யாரையும் கூப்பிடாமல் தானே வெளியே எடுத்து வந்தார். 2012இல் ஓய்வு பெற்றபோது மேலதிகாரி கைகுலுக்கி இதைத்தான் சொன்னார். ரெய்னோவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஓய்வுக்கு முன்பே, இரண்டு கோடைகள் செலவழித்து, ஒரு மீன்பிடி வீட்டைக் கட்டி முடித்திருந்தார். எட்டடிக்குப் பதினான்கடி. இரண்டு சக்கரம், முன்னால் வண்டியில் மாட்டும் கொக்கி. டிசம்பரில் ஏரி உறைந்ததும் அதை இழுத்துப்போய் நடு ஏரியில் நிறுத்துவார். பிறகு கைப்பிடியைச் சுற்றி வீட்டைச் சக்கரத்திலிருந்து கீழே இறக்கினால் தரை பனிக்கட்டியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். தரையில் தூண்டில் இறக்க நான்கு ஓட்டைகள், மூலையில் ஒரு அடுப்பு, எதிரும் புதிருமாக இரண்டு பலகைப் படுக்கைகள். தீவன ஆலையின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்ததில் 2,140 பவுண்டு. அவருடைய மனைவி வெர்னாதான் அவரைவிட அதிகமாக மீன் பிடிப்பாள். குளிர்காலத்தில் அவள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த வீட்டுக்குள் மட்டும்தான்.

2021 அக்டோபரில் வெர்னாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதுவரை வீட்டை இழுத்துவந்த பிக்கப் வண்டியின் படி தரையிலிருந்து இருபத்து மூன்று அங்குல உயரம். அவளால் ஏற முடியவில்லை. ரெய்னோ மறுவாரமே பிக்கப்பை விற்று, நடுத்தர அளவு எஸ்யூவி ஒன்று வாங்கினார். மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. டிசம்பரில் சிரமமில்லாமல் இழுத்தது. ஆனாலும் ஊர்க் காப்பிக் கடையில் இவ்வளவு சின்ன வண்டியா என்ற கேலி நிற்கவில்லை. எரிச்சலில் ஒரு நாள் அவரே எல்லார் எதிரிலும் வாயை விட்டார்: “மார்ச்ல இந்த வண்டியால வீட்டை வெளிய எடுக்க முடியலைன்னா அந்த வீட்டையே வித்துடறேன், போங்க!” அடுத்த மேசையில் இருந்த டெல்மர் உடனே, “வித்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், நான் வாங்கிக்கறேன்” என்றான். “அந்த வீடு உன்னோடது மட்டும் இல்ல” என்றாள் வெர்னா, வீடு திரும்பும் வழியில்.

மார்ச் மூன்றாம் திங்கள்கிழமைக்குள் எல்லா வீடுகளும் ஏரியை விட்டுப் போயாக வேண்டும் என்பது சட்டம். அந்த வருடம் அது 21ஆம் தேதி. ஜனவரியில் முப்பத்தொரு வீடு நின்ற இடத்தில், அன்று காலை 7.40க்கு ரெய்னோவின் வீடு ஒன்றுதான் நின்றது. முந்தின வாரம் முழுக்க மகள் வீட்டில், பேரனின் ஞானஸ்நானம்.

கொக்கியை மாட்டிவிட்டு, வீட்டைச் சக்கரத்தின்மேல் தூக்கக் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு சுற்றோடு நின்றுவிட்டது.

காற்று புகாமல் இருக்க வீட்டைச் சுற்றிப் பனியை அணைத்து வைப்பது அங்கே எல்லாரும் செய்வதுதான். ரெய்னோ எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல. இரண்டடி உயரத்துக்கு, மண்வெட்டியால் தட்டித் தட்டி, மூலைகூட மழுங்காமல் அணைத்திருந்தார். சனிக்கிழமை வெயிலில் அது முழுக்க உருகி அடியில் இறங்கியது. ஞாயிறு இரவு இறுகிக் கல்லானது.

கடப்பாரையால் 10.30 வரை கொத்தினார். மூன்று மூலைகள் விட்டன. பின்பக்க வலது மூலை விடவில்லை. இழுத்துப் பார்ப்போம் என்று வண்டியில் ஏறினார். சக்கரம் அரைச் சுற்று வழுக்கியது, உடனே ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கியது, எஞ்சின் அடங்கிப்போனது. பெடலைத் தரையோடு அழுத்தினாலும் முனகலுக்கு மேல் சத்தமில்லை.

“நான் மிதிக்கறேன், இது மாட்டேங்குது!”

“சறுக்குதுன்னு தெரிஞ்சா வண்டியே வேகத்தைக் குறைச்சிடுமாம்” என்றாள் வெர்னா, கையேட்டைப் புரட்டியபடி.

“அதை யார் கேட்டா? முப்பத்து மூணு வருஷம் பனியில ஓட்டினவன் நானா, அதுவா?”

அப்போதுதான் டெல்மர் தன் பெரிய பிக்கப்பில் வந்து இறங்கினான், கையில் காப்பிக் குடுவையோடு.

“என்னய்யா ரெய்னோ, தையல் மிஷினைக் கட்டி இழுக்கறியா?”

“வேலையைப் பாத்துட்டுப் போடா.”

“வேலையாத்தான் வந்தேன். அவிழ்த்து விடு, நான் இழுக்கறேன். நேரா என் கொட்டகைக்கே கொண்டுபோயிடலாம், உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

“பக்கம் முன்னூத்திப் பன்னெண்டு” என்று வெர்னா குறுக்கே பேசினாள். “இந்தப் பொத்தானை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும். டெல்மர், நீ கொஞ்சம் வாயை மூடு.”

அழுத்திப் பிடித்தார்கள். இப்போது எஞ்சின் சொன்னபடி கேட்டது. நான்கு சக்கரமும் உறுமிக்கொண்டு பனிக்கட்டியில் நான்கு குழி தோண்டின. வீடு அசையவில்லை. ரெய்னோ இறங்கி, சக்கரத்தை உதைத்தார். கால் கட்டைவிரல்தான் வலித்தது.

மணி 12.20. கரையோரம் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் போனால் அங்கே பனிக்கட்டி எந்த வண்டியையும் தாங்காது. ரெய்னோ கொக்கியைக் கழற்றிவிட்டு, டெல்மரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“இழு.”

டெல்மர் சிரித்துக்கொண்டே மாட்டினான். முதல் இழுப்பில் பிக்கப்பின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டாவதில் சக்கரத்திலிருந்து புகை வந்தது. மூன்றாவதில் அவன் பின்பக்க பம்பரின் ஒரு முனை கழன்று தொங்கியது. டெல்மர் இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்ப யார் தையல் மிஷின்?” என்றாள் வெர்னா.

ரெய்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிமேல் பழி போட்டுக்கொண்டிருந்தவரை கோபத்துக்கு ஒரு இடம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

“வண்டிமேல தப்பில்ல. நீதான் கோட்டைச் சுவர் மாதிரி கட்டி வெச்சிருக்கே” என்றாள் அவள்.

“தெரியுது. சொல்லாதே.”

அதற்குப் பிறகு யாரும் இழுக்கவில்லை. டெல்மரின் இரண்டு ஜாக்கிகளை அந்த மூலைக்குக் கீழே, பலகை வைத்து நிறுத்தினார்கள். ஒருவர் கொத்த, ஒருவர் ஜாக்கியைக் கால் சுற்று ஏற்ற, மறுபடி கொத்த. 2.35க்கு, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வீடு நான்கு அங்குலம் எகிறிக் குதித்தது. கைப்பிடி தடையில்லாமல் சுற்றியது.

கொக்கியை மாட்டப்போன டெல்மரை ரெய்னோ தடுத்தார். “உன் வண்டியே ஏழாயிரம் பவுண்டு. இதையும் சேர்த்துக் கரையில ஏத்தினா ரெண்டும் தண்ணிக்குள்ளதான். நீ வெறும் வண்டியோட முன்னாடி போ. வெர்னாவையும் ஏத்திக்கோ.”

“அந்தப் படியில என்னால ஏற முடியாது” என்றாள் வெர்னா, எஸ்யூவியில் உட்கார்ந்துகொண்டே.

பனிக்கட்டி உடைந்தால் சட்டென்று வெளியே வர வசதியாகக் கண்ணாடிகளை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் போனார்கள். கரையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியது. அடியில் ஏதோ நொறுங்கியது. ரெய்னோ வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முன் சக்கரம் சரளையைத் தொட்டது. பின்னால் வீடு ஆடி, சாய்ந்து, நிமிர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. 3.10.

டெல்மர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். “அப்ப விக்கறதில்ல?”

“வெளிய எடுத்தாச்சில்ல?” என்றார் ரெய்னோ. கோபம் குறைந்தபாடில்லை.

வீட்டுக்குப் பதினொரு மைல். ரெய்னோ மெதுவாகவே ஓட்ட, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் வெர்னா கேட்டாள்: “அடுத்த வருஷம் வீட்டை ஏரியோட தெற்குப் பக்கம் போடலாமா? அங்க காத்து கம்மி.”

“எங்க வேணா போடு. பனி மட்டும் அணைக்க மாட்டேன்.”

“குளிருமே.”

“குளிரட்டும்.”